ஊர்ப் பொதுமரமும் ஊரவர் உரிமையும்

தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களை நிரல்படுத்திப் பார்ப்பவர்க்கு, கையிலிருப்பது ஊர்ப்பட்டியலா மரப்பட்டியலா என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஆலங்குடி, திருவாலங்காடு, புளியங்குடி, இலுப்பூர், வேப்பூர், கடம்பூர், நெல்லிக்குப்பம், அத்திப்பட்டு, விளாத்திகுளம், புன்னைநல்லூர், மருதூர், பனையூர், நாவலூர் என அடுக்கிக்கொண்டே போகலாம். தமிழ முன்னோர் ஓரிடத்தில் குடியேறியபொழுது, தமக்கு முன்பே அங்கு நின்றிருந்த மரத்தை அவ்வூரின் முதற்குடியாக ஏற்றனர்; அதன் பெயரையே ஊருக்கும் இட்டனர். மன்னர் பெயரைத் தாங்கிய ஊர்களுட் பல, மன்னர் மாறியபொழுது பெயர் மாறிப் போயின. மரத்தின் பெயரைத் தாங்கியவை இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றன.

பெயர் நிற்கின்றது. மரம் நிற்கின்றதா?

இலுப்பூரில் இலுப்பை எத்தனை, கடம்பூரில் கடம்பு எத்தனை, புன்னைநல்லூரில் புன்னை எத்தனை என்று அவ்வவ்வூரில் வினவினால் விடைசொல்லக் கூடியவர் எத்தனை பேர்? ஊரில் வீடு எத்தனை, வாக்கு எத்தனை, தெருவிளக்கு எத்தனை, குடிநீர்க் குழாய் எத்தனை என்பவற்றுக்கெல்லாம் ஊராட்சி அலுவலகத்தில் ஏடு உண்டு. வரவு தரும் மரத்தைக் குறிக்கும் கணக்கு வருவாய்த்துறையிடம் உண்டு. நிழல் தரும் மரத்தை ஊரவர்க்கு உரியதென எண்ணிக் குறித்து வைத்திருக்கும் ஏடு எங்கே உண்டு? எண்ணப்படாத பொருள் களவுபோனால் எவர்க்கும் தெரியாது. ஊர்மரம் அவ்வாறுதான் போய்க்கொண்டிருக்கின்றது.

மரம் சாகும் முறை

ஊர்ப் பொதுமரம் பெரும்பாலும் ஒரே நாளில் வீழ்த்தப்படுவதில்லை. அது சிறிது சிறிதாகக் கொல்லப்படுகின்றது. முதலில் அதன் அடியைச் சுற்றிச் சிமிட்டிக் காரையாலான மேடை எழும்புகின்றது. ஊர்ப்பெரியவர் அமர்வதற்கென்றே அது கட்டப்படுகின்றது. கட்டியவர்க்குத் தீய நோக்கம் ஏதுமில்லை. ஆனால் காரை அடிமரத்தை ஒட்டியே பூசப்படுவதால், மழைநீர் வேருக்கு இறங்குவதில்லை. காற்றும் மண்ணுக்குள் புகுவதில்லை. அடுத்து, கட்சிப் பலகைகளும் கடைப் பலகைகளும் அதன் உடலில் ஆணியால் அறையப்படுகின்றன. ஆணி துளைத்த புண்ணின் வழியே பூசணம் புகுகின்றது. பின்னர், தெருவைப் பெருக்கிய குப்பை அதன் அடியிலேயே குவிக்கப்பட்டு எரிக்கப்படுகின்றது. மரத்தின் உயிர் அதன் நடுவயிரத்தில் இல்லை. பட்டைக்குச் சற்றுக் கீழுள்ள மெல்லிய படலத்தில் இருக்கின்றது. இலை ஆக்கிய உணவை வேருக்குக் கொண்டுசெல்லும் வழியும் பட்டைப் பகுதியிலேயே உள்ளது. சுற்றிலும் பட்டை கருகிய மரத்தின் வேர் பட்டினியால் சாகின்றது.

அதன்பின் மின்கம்பிக்கு இடையூறு என்று ஒருபக்கக் கிளைகள் முழுதும் கழிக்கப்படுகின்றன. ஒருபக்கம் மட்டும் கனத்துச் சாய்ந்த மரம் அடுத்த புயலில் அசைகின்றது. அப்பொழுதுதான் ஊரவர் வாயில் அதன் பெயர் முதன்முறையாக வருகின்றது: “பட்டமரம், இடர்தரும் மரம், வெட்டிவிட வேண்டும்.” வெட்டுவதற்கு ஆள் வருகின்றது, விறகுக்கடைக்கு வண்டி போகின்றது, அந்த இடத்தில் கடையொன்று முளைக்கின்றது. நூறாண்டு நின்ற மரத்தைக் கொன்றவர் யார் என்று வினவினால், அங்குள்ளோர் ஒவ்வொருவரும் தாமல்லர் என்று உண்மையாகவே சொல்லமுடியும். ஒவ்வொருவரும் சிறிதளவே கொன்றனர்.

மன்னன் மாவும் மன்றப் பலாவும்

பழந்தமிழகத்தில் மரம் காக்கும் முறை இரண்டு இருந்தன. கழக இலக்கியங்களைக் கற்றவர் அவ்விரண்டின் வேறுபாட்டையும் ஓர்ந்தறிய வேண்டும்.

ஒன்று காவல்மரம், கடிமரம் என்றும் அதைச் சொல்வர். அது மன்னனுக்கு உரியது. அவன் வலிமையின் அடையாளம். வாளும் வேலும் அதைக் காத்தன. நன்னன் என்னும் குறுநில மன்னனின் காவல்மா அத்தகையது. நீராடச் சென்ற இளம்பெண் ஒருத்தி, ஆற்றுநீர் அடித்துவந்த அம்மாவின் பசுங்காயைத் தின்றுவிட்டாள். அதற்கு ஒறுப்பாகக் கொலை! எண்பத்தொரு களிறுகளும் அவளது எடைக்கு ஒத்த பொற்பாவையும் தருவதாகச் சொல்லியும் நன்னன் இணங்கவில்லை. பெண்கொலை புரிந்தவன் என்னும் பழியைப் பரணர் அவன்மேல் நிலையாகப் பதித்துவிட்டார். இவ்வளவு கொடுமையால் காக்கப்பட்ட அந்த மாவேனும் நிலைத்ததா? இல்லை, கோசர் அதை வெட்டி வீழ்த்தினர். குறுந்தொகை இவ்விரண்டு செய்திகளையும் பதிந்து வைத்திருக்கின்றது.

மற்றொன்று மன்றமரம். அது ஊரின் நடுவே பொதுவிடத்தில் நின்றது. ஆய் என்னும் வள்ளலின் ஊர்மன்றத்துப் பலாமரத்தில் இரவலர் தம் முழவைத் தொங்கவிட்டிருக்க, குரங்கொன்று அதைப் பலாப்பழமென்று கருதித் தட்டிற்றாம்; புறநானூற்றில் முடமோசியார் காட்டும் காட்சி இது. வழிப்போக்கனான பாணனும் அம்மரத்தில் தன் உடைமையை நம்பி மாட்டலாம். குரங்கும் பழம் பறிக்கலாம். அங்கு வாளும் இல்லை, வேலும் இல்லை. அதன்கீழ் அமர்ந்தோர் அனைவருமே அதற்குக் காவலர்.

காவல்மரத்துக்கு மன்னன் ஒருவனே காவல் என்றிருந்ததன் விளைவை மற்றொரு புறப்பாட்டும் காட்டுகின்றது. கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தபொழுது, சோழன் மறவர் காவல்மரங்களைக் கோடரியால் வெட்டுகின்றனர். அவ்வோசை கோட்டைக்குள் அரண்மனைவரை கேட்கின்றது. உள்ளிருந்த வேந்தனோ வெளிவராமல் இனிதே அமர்ந்திருக்கின்றான். அத்தகையவனோடு பொருவது நாணத்தக்கது என்று ஆலத்தூர் கிழார் கிள்ளியிடம் எடுத்துரைக்கின்றார். தன் மரம் வெட்டுண்ணும் ஓசையைக் கேட்டும் அசையாதவன் பகைவனாகக் கருதப்படும் தகுதியையே இழந்தான் என்பது புலவரின் தீர்ப்பு. இன்று ஊரின் நடுவே வெட்டுப்பொறி இரைகின்றது. ஓசை எல்லா வீட்டுக்கும் கேட்கின்றது. அசையாமல் அமர்ந்திருப்பவர் யார்?

ஊரிடமிருந்து மரம் பிரிந்த வரலாறு

ஊரவர் அசையாமைக்கு அவர்களின் சோம்பல் மட்டும் கரணியமன்று. மரம் தம்முடையதன்று என்னும் எண்ணம் அவர்களுக்குள் நெடுங்காலமாக ஊட்டப்பட்டிருக்கின்றது. வெள்ளையராட்சியின் நிலவரி முறையில், வரி வாராத பொதுநிலம் ‘புறம்போக்கு’ என்று கணக்கில் ஏறியது. மந்தைவெளி, ஏரிக்கரை, வண்டிப்பாதை, களம் என ஊரின் உயிர்நிலைகள் பலவும் அச்சொல்லுக்குள் அடங்கின. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் பொதுச்சாலைகளையும் தெருக்களையும் நீர்நிலைகளையும் அரசின் உடைமையென்று வெளிப்படச் சொன்னது. ஊர்ப்பொது என்பது அரசுப்பொது ஆயிற்று. ‘புறம்போக்கு’ என்னும் சொல்லே இன்று வசைச்சொல்லாக வழங்குவதைக் கண்டால், பொதுநிலத்தின்மேல் ஊரவர் கொண்டிருந்த மதிப்பு எவ்வளவு தாழ்ந்தது என்பது விளங்கும்.

இன்று ஓர் ஊரின் மரங்கள் பல துறைகளுக்குப் பங்கிடப்பட்டுக் கிடக்கின்றன. நெடுஞ்சாலை ஓரத்துப் புளி நெடுஞ்சாலைத் துறைக்கு. ஏரிக்குள் நிற்கும் கருவேல் வேறொரு துறைக்கு. கோயில்மரம் அறநிலையத் துறைக்கு. பள்ளி வேம்பு கல்வித்துறைக்கு. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பயனைத் தனியொருவர் துய்க்க ‘2சி’ எனப்படும் மரப்பட்டாவும் உண்டு. நட்டவர் ஒருவர், ஏலம் விடுபவர் வேறொருவர், வெட்ட இசைவளிப்பவர் மற்றொருவர். ஊரவர்க்கு எஞ்சியிருப்பது பார்த்துக்கொண்டிருக்கும் உரிமை ஒன்றே.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இந்நிலையை மாற்றியிருக்கலாம். அச்சட்டத்தின் 110ஆம் பிரிவு ஊராட்சியின் கடமைகளை வகுக்கின்றது: சாலை, தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, குடிநீர், இடுகாடு முதலியன. மரமோ அடுத்த 111ஆம் பிரிவில், ஊராட்சி விரும்பினால் செய்யலாம் என்னும் வரிசையில் வைக்கப்பட்டது. பொதுச்சாலை ஓரங்களில் மரம் நடுவதும் காப்பதும், அச்சாலையைப் பேணும் துறையோடு ஒத்துக்கொண்ட நெறிமுறைகளுக்கு உட்பட்டு, ஊராட்சியின் விருப்பத்துக்கு விடப்பட்டன. விளக்கு கடமை; மரம் விருப்பம்! விளக்கு எரியவில்லையென்றால் ஊரவர் ஊராட்சித் தலைவரைக் கேட்கலாம். மரம் பட்டுப்போனால் கேட்பதற்கு அந்த அளவு பிடிமானம் இல்லை.

அண்டை மாநிலமான கருநாடகம் 1976ஆம் ஆண்டிலேயே மரக்காப்புச் சட்டம் இயற்றியது. மராட்டியம் அதற்கு ஓராண்டு முன்பே நகரப் பகுதிகளுக்கெனச் சட்டம் செய்தது. தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டின் மரக்காப்புச் சட்டம் மலைப்பகுதிகளுக்கு உரியது. தரைநாட்டு ஊர்களின் எல்லா மரங்களுக்கும் பொதுவான அத்தகைய சட்டம் பல்லாண்டுகளாக இயற்றப்படவில்லை. அண்மை ஆண்டுகளில் மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட பசுமைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. பொதுநிலத்து மரங்களை வெட்டுவதற்கான வேண்டுகைகளை அவை ஆய்கின்றன. இது நல்ல அடியெடுப்பே. ஆயினும் குழு அமர்வது மாவட்டத் தலைநகரில். மரம் நிற்பது ஊரில். மடல் எழுதி, ஆள் வந்து, ஆய்ந்து முடிவு சொல்வதற்குள் வெட்டுப்பொறி தன் வேலையை முடித்துவிட வல்லது.

அரிட்டாபட்டி காட்டிய வழி

அரசாணை மட்டும் காவலாகாது என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியே சான்று. குன்றும் சுனையும் பழங்கல்வெட்டும் பல்வகை உயிர்களும் ஒருங்கே வாழும் அவ்வட்டாரம், 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபிடமாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பு வந்து ஈராண்டு கழிவதற்குள், 2024ஆம் ஆண்டில், அம்மரபிடத்தையும் உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்சுடன் கனிமச் சுரங்கத்துக்கான உரிமத்தை ஒன்றிய அரசு ஏலம் விட்டது. அறிவிப்பு அங்கேயே இருந்தது, ஏலமும் நடந்தது!

தடுத்தவர் ஊரவர். மேலூர் வட்டாரத்து ஊர்கள் தம் ஊரவைகளில் எதிர்ப்பு முடிவுகளை இயற்றின. ஆயிரக்கணக்கில் திரண்டு மதுரை நோக்கி நடந்தன. தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் எதிர்த்து முடிவெடுத்தது. 2025ஆம் ஆண்டு சனவரியில் ஒன்றிய அரசு அவ்வேலத்தைக் கைவிட்டது. ஒரு குன்றைக் காக்க ஊரவையால் முடிந்ததென்றால், ஓர் ஆலமரத்தைக் காக்க அதனால் முடியாதா?

அரசு ‘கிராமசபை’ என்றழைக்கும் இவ்வூரவைக்கு 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் வகுக்கப்பட்டன: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டில் 12,000க்கு மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கொரு கூட்டத்தில் மட்டுமேனும் மரத்தைப் பற்றிப் பேசினால், தமிழ்நாட்டின் நிழல் எவர் கையில் இருக்கின்றது என்பது தெளிவாகிவிடும்.

மறுப்பும் விடையும்

“ஊரவர் கையில் ஒப்படைத்தால் அவர்களே வெட்டி விற்றுவிடுவர், சாலையோரப் புளியின் ஏலத்தொகை எவர் பைக்குப் போகின்றது என்பதை அறியாதவரா? அரசின் கையில் இருப்பதே நல்லது” என்று சொல்வார் உளர். இம்மறுப்பைப் புறந்தள்ளிவிட முடியாது. ஊரில் வலியவன் இருக்கின்றான். மரவணிகனோடு உறவாடும் ஊராட்சித் தலைவனும் இருக்கக்கூடும். ஆனால் இதற்கு மருந்து ஊரவரின் உரிமையைப் பறிப்பதன்று; உரிமையோடு கணக்கையும் சேர்த்துக் கட்டுவதாகும்.

அந்தக் கட்டு தமிழகத்துக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று குழுக்கள் வகுத்து, குடவோலை வழியாக உறுப்பினரைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. தோட்ட வாரியத்துக்கு மட்டும் பன்னிருவர். பொறுப்பு ஓராண்டுக்கே உரியது. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி ஓலையில் பெயர் இடப்படத் தகுதியற்றவர். கணக்குக் காட்டாதவனுக்கு அவ்வூர் வைத்த வேலி அது.

அதேவேளையில் ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. அது பார்ப்பனக் குடியிருப்பின் அவை. நிலத்தை உழுதவர்க்கும் தோட்டத்துக்கு நீரிறைத்தவர்க்கும் அதில் இடமில்லை. ஆகவே அவ்வவையின் முறையைக் கொள்ள வேண்டும். அதன் விலக்கைத் தள்ள வேண்டும். ஊரவை என்பது ஊரும் சேரியும் ஆணும் பெண்ணும் ஒருங்கே அமர்வதாக இருந்தால்தான் அது தமிழரின் மன்றம்.

செய்யத்தக்கவை

முதற்பணி எண்ணுதல். பள்ளிப் பிள்ளைகளும் இளைஞரும் இரண்டொரு நாளில் ஒரு சிற்றூரின் பொதுமரங்கள் அனைத்தையும் எண்ணிவிடலாம். மரத்தின் பெயர், நிற்குமிடம், மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு, நலம், எத்துறைக்கு உட்பட்ட நிலம் என்னும் ஐந்தும் ஏட்டில் ஏற வேண்டும். ஊர்முதியவர் அம்மரத்தை எப்பெயரால் அழைக்கின்றனரோ அத்தமிழ்ப்பெயரே ஏட்டில் இடம்பெற வேண்டும். பெயர் மறந்த மரம் பாதி செத்த மரம். அவ்வேட்டை ஊரவையில் படித்து ஏற்கச் செய்தபின், எந்த மரம் காணாமற் போனாலும் அதற்கு விடைசொல்ல ஒருவர் இருப்பார்.

இரண்டாவது, மரக்குழு. ஐவரோ எழுவரோ போதும். அவருட் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருத்தல் வேண்டும்; சுள்ளி பொறுக்குவோரும் ஆடு மேய்ப்போரும் இருத்தல் வேண்டும். மரத்தோடு நாள்தோறும் பழகுபவர் அவர்களே. வெட்ட வேண்டும் என்று எவர் வேண்டினும், அவ்வேண்டுகை பசுமைக்குழுவுக்குப் போகும் முன்பே ஊரவையில் படிக்கப்படல் வேண்டும். உண்மையில் இடர்தரும் மரம் வெட்டப்படலாம். மரத்தின் பெயரால் மாந்தர் உயிரைப் பணயம் வைப்பது காப்பன்று, நன்னன் வழி. ஆனால் பட்டமரம் என்று சொல்பவர் ஒருவராகவும் அதை விலைக்குக் கொள்பவர் அவரே ஆகவும் இருத்தல் கூடாது.

மூன்றாவது, பேணுதல். அடிமரத்தை ஒட்டிய காரையைப் பெயர்த்து, சுற்றிலும் மூன்றடி மண்ணேனும் திறந்து விடவேண்டும். ஆணிகளைப் பிடுங்க வேண்டும். மரத்தடியில் தீ மூட்டுதலை ஊரே குற்றமெனக் கொள்ள வேண்டும். கிளை கழித்தலை மழைக்காலத்துக்கு முன்பே செய்ய வேண்டும். ஒருபக்கம் மட்டும் மொட்டையடிக்காமல் நிறை ஒத்து நிற்குமாறு கழிக்க வேண்டும். பெருங்கிளையை வெட்டும்பொழுது, முதலில் அடிப்புறத்தில் சிறிது அறுத்து, பின்னர் மேற்புறத்தில் அறுத்தால் பட்டை கிழிந்து தொங்காது. எஞ்சிய அடித்துண்டைக் கிளை புறப்படும் தடிப்பை ஒட்டி, அத்தடிப்பைக் காயப்படுத்தாமல் நீக்கினால் மரம் தன் புண்ணைத் தானே மூடிக்கொள்ளும். 2011ஆம் ஆண்டில் தானே புயல் கடலூரையும், 2018ஆம் ஆண்டில் கசாப் புயல் காவிரிப் படுகையையும் தாக்கிச் சாய்த்த மரங்களை எண்ணிப் பார்ப்பவர், புயலுக்கு முன்பு செய்யும் ஒருநாட் பணியின் அருமையை உணர்வர்.

நான்காவது, நடுதல். நடுவிழாக்களுக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. குழியும் ஒளிப்படமும் ஆண்டுதோறும் அதே இடத்தில்! நட்ட கன்றின் எண்ணிக்கையைச் சொல்வதை நிறுத்தி, மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் கன்றின் எண்ணிக்கையை மட்டுமே ஊரவையில் சொல்லுதல் என்று நெறி செய்ய வேண்டும். இரண்டடி நீள அகல ஆழக் குழி, முள்வேலி, மூன்று கோடைக்கு நீர், நீரூற்றப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்ட ஒரு வீடு ஆகிய நான்கும் அமையாத கன்றை நடாமலிருப்பதே நன்று. நற்றிணைத் தலைவி, விளையாட்டாகப் புதைத்த புன்னை விதை முளைத்தபொழுது பாலும் நெய்யும் பெய்து வளர்த்தாள். அதனை அவளினும் சிறந்த உடன்பிறப்பென்று அன்னை சொன்னாள். நடுதல் எளிது, உடன்பிறப்பாக்குதலே வளர்ப்பு.

ஐந்தாவது, பயன் பகிர்தல். புளியும் புங்கங்கொட்டையும் வேப்பமுத்தும் பனம்பொருளும் தரும் வருவாய், மரக்குழுவின் தனிக்கணக்கில் சேர்ந்து, மரத்துக்கே மீளச் செலவிடப்படல் வேண்டும். உதிர்ந்த சுள்ளியும் தழையும் ஊர் ஏழையர்க்கு உரியவை என்று ஊரவை எழுதி வைக்க வேண்டும். ஏழைக்குப் பயன்தராத மரத்தை ஏழை காக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது முறையன்று.

எந்த மரம்?

மண்ணுக்குரிய மரத்தையே நடவேண்டும் என்பதில் தமிழுணர்வாளர்க்கு இருவேறு கருத்து இராது. சீமைக்கருவேல் நீர்நிலைகளுக்குள் புகுந்து பிற செடிகொடிகளை ஒடுக்கியதைத் தென்மாவட்டங்கள் கண்கூடாகக் கண்டன. ஆயினும் அயல் என்பதை வெறுப்பால் அளவாமல் அறிவால் அளத்தல் வேண்டும். புளியின் பிறப்பிடமே ஆப்பிரிக்கா என்பர் நிலைத்திணையியலார். அது பல நூற்றாண்டுகளாகத் தமிழர் அடுக்களையில் இடம்பெற்று, சாலைக்கு நிழலாகவும் நின்று, இம்மண்ணின் உயிர்களோடு இணங்கி வாழ்கின்றது. பிற உயிர்களை ஒடுக்காமல் வாழ்வது உறவு. ஒடுக்கி வாழ்வது வன்கவர்வு. சொல்லுக்கும் மரத்துக்கும் அளவுகோல் இதுவே.

ஊர்நடுவே ஆலும் அரசும் வேம்பும், ஏரிக்கரையில் பனையும் மருதும், கடலோரத்தில் புன்னையும், தெருவோரத்தில் பூவரசும் புங்கும், கோயிற்புறத்தில் இலுப்பையும் மகிழும் என்று முன்னோர் வகுத்த இடவமைதி பட்டறிவின் பயன். பனை 1978ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டின் மரமாக அறிவிக்கப்பட்டது. அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு கட்டாயமாகும் என்னும் அறிவிப்போ 2021ஆம் ஆண்டின் வேளாண் வரவுசெலவுத் திட்டத்தில்தான் வந்தது. பெயரளவில் அரசமரியாதை அளித்ததற்கும் உயிர்க்காப்பு அறிவித்ததற்கும் இடையில் நாற்பத்து மூன்று ஆண்டுகள்! அவ்விடைவெளியில் செங்கற்சூளைக்கு எரிந்த பனைகளை எண்ணி வைத்தவர் எவருமிலர்.

நிழல் அனைவர்க்கும்

இறுதியாக ஒன்று. மன்றமரத்தின் நிழல் ஊரிலுள்ளார் அனைவர்க்கும் ஒன்றுபோல் கிடைத்ததென்று சொல்வது பொய்யாகும். சாதி புகுந்த ஊர்களில், ஆலமரத்து மேடையில் சிலர் அமர்ந்தனர். சிலர் வெயிலில் நின்றே கைகட்டி விடைசொன்னார்கள். எவரை அம்மேடையில் ஏறவிடவில்லையோ, அவர் அம்மரம் வெட்டப்படும்பொழுது ஏன் வந்து தடுக்க வேண்டும்? ஊர்மரங்கள் அழிந்ததற்குரிய கரணியங்களுள் இதுவும் ஒன்றென்று அறிஞர் ஓர்தல் வேண்டும். மரம் தன் நிழலைப் பகுத்துத் தருவதில்லை, பகுத்தவர் மாந்தர். அந்தப் பகுப்பை ஒழிக்காமல் பொதுமரம் என்னும் சொல்லுக்குப் பொருளே இல்லை.

ஆகவே, அடுத்த ஊரவை கூடும்பொழுது, தமிழுணர்வாளர் ஒருவர் எழுந்து ஒரே ஒரு வினாவை எழுப்பட்டும்: “இவ்வூரின் பொதுமரங்கள் எத்தனை?” விடை இல்லையெனின், எண்ணும் பணியை அன்றே தொடங்கட்டும். சட்டம் கடமையாக்காததை ஊர் தானே கடமையாக்கிக் கொள்ளட்டும். வெட்டுப்பொறியின் ஓசை கேட்டவுடன் ஒரு வீட்டுக் கதவேனும் திறக்கட்டும். ஆலங்குடிக்கு ஆலும் இலுப்பூருக்கு இலுப்பையும் மீளும் நாளில்தான், அப்பெயர்கள் மீண்டும் மெய்யாகும்.